தட்டில் கிடந்த போன்

"மாமா தன் கையால கட்டுன குடிலை விக்கப் போறியா? உன் மண்டைக்குள்ள என்னடி இருக்கு, ஐலி?"

"என் குடில், என் இஷ்டம். உங்க வேலையப் பாருங்க அண்ணி!"

கனடாவின் தண்டர் பே ஊரில், பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் கிளப்பில் காபி ஆறிப் போயிருந்தது. ஐலியும் அவள் அண்ணி லெம்பியும்தான் கொதித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற மற்றவர்கள் காதில் விழாதது போல நின்றார்கள். ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை.

வரிசை எதற்கு? கால்வின் ஸ்ட்ரதர்ஸின் அருளுக்கு. குளிர்கால வானத்தில் ஆடும் பச்சை ஒளி பட்ட தண்ணீராம். ஒரு சொட்டைப் போனில் தடவினால், இணையப் போக்கரில் நல்ல சீட்டாகவே வருமாம். ஈரம் பட்டால் போன் கெட்டுவிடும் என்று பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள்தான் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சுவரில் ஜெயித்தவர்களின் படங்கள் சிரித்தன. தோற்றவர்களின் படங்கள் இல்லை. பாவம், கிளப்பில் அத்தனை சுவர் ஏது?

ஐலி ஒரு டாலர் போட்டியில்தான் தொடங்கினாள். முதல் சொட்டு, முதல் ஆட்டம், வெற்றி! அப்புறம் தோல்விமேல் தோல்வி. "நம்பிக்கை பத்தலம்மா" என்றார் கால்வின். முழுப் பாட்டிலாக வாங்கி, பெரிய போட்டியில் இறங்கச் சொன்னார். அதற்காகத்தான் அப்பா விட்டுப்போன குடில், உறைந்த ஏரிமேல் உட்கார்ந்து அவளுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்த குடில், விலைக்கு வந்தது. வாங்குகிறவன் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தான்.

லெம்பி நேரே கால்வினிடம் போனாள்.

"ஏன் சார், இந்தத் தண்ணி எல்லாருக்கும் வேலை செய்யுமா?"

"நம்புறவங்க எல்லாருக்கும்."

"அப்ப வரிசையில நிக்கிற நம்புறவங்க ஏழு பேரும் நீங்களும் ஒரே மேசையில ஆடுங்க. ஒன்பதாவது நாற்காலி என் போனுக்கு. சொட்டு வேண்டாம். நான் தொடவும் மாட்டேன்."

"ஆளில்லாத போனா!" கால்வின் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. சிரித்தவர் எப்படிப் பின்வாங்குவார்?

லெம்பி இணையப் போக்கரில் தனி மேசை ஒன்றைத் திறந்து, தன் போனைப் பட்டர் டார்ட் என்ற இனிப்புப் பலகாரம் இருந்த தட்டில் வைத்தாள். ஆள் ஆடாவிட்டால் அந்த ஆட்டத்தில் கட்டாயப் பந்தயம் மட்டும் கொஞ்சம் கழியும். சீட்டை இயந்திரமே கவிழ்த்து ஒதுக்கிவிடும்.

அருள் பெற்றவர்களோ கண்ட சீட்டுக்கெல்லாம் பந்தயச் சில்லு முழுவதையும் தள்ளினார்கள். தண்ணீர் இருக்க யோசனை எதற்கு? முதலில் வெளியே விழுந்தவர் கால்வின்.

"அநியாயம்! என்கிட்ட அஞ்சும் வரிசையா இருக்கே!"

"என்கிட்ட அஞ்சும் இஸ்பேட்" என்றாள் ஐலி. பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுதானே பெரிசு? முதல் நாளே படிக்கிற பாடம். உங்களுக்குத் தெரியாதா?"

கூட்டத்தில் ஒருவர் போனில் இருந்த ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஐலி அதன்பின் சீட்டைப் பார்த்து ஆடினாள், சொட்டைப் பார்க்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் கழன்றார்கள். தட்டில் கிடந்த போன் வெளியேறியபோது மேசையில் இரண்டே பேர்தான் மிச்சம்; அதற்கு மூன்றாம் இடம்!

"அந்தத் தட்டுல ஏதோ சக்தி..." கால்வின் இழுத்தார்.

"அப்ப டார்ட்டை எடுத்துத் தடவும்யா!" என்றார், ஐலியோடு மேசையில் மிச்சமிருந்த, கிளப்பில் பனித்தளம் போடும் டுஃப்ரேன்.

"அது கண்ட சீட்டுக்கும் பாயல, அவ்வளவுதான்" என்றாள் லெம்பி. "ஆடணுமா? முதல்ல இலவச மேசையில பழகு. சின்னப் போட்டியிலேயே இரு. நல்ல சீட்டுக்குக் காத்திரு. தோத்தா அந்த ஒரு டாலர் போனதோட எழுந்திரு. இதுக்கு எதுக்குடி குடிலு?"

மதியம் குடிலை வாங்க வந்தவனுக்கு ஆறிய காபி மட்டும் கிடைத்தது.

அன்று ஐலி இரண்டாவதாக வந்தாள். ஜெயித்த டுஃப்ரேனை ஏரி உருகுமுன் கல்யாணம் செய்துகொண்டாள். தேனிலவு அந்தக் குடிலில்தான். ஒரு மீன்கூடச் சிக்கவில்லையாம். ஏன் என்று கேட்க ஊரில் யாருக்கும் துணிச்சலில்லை. கால்வின் மேற்கே சஸ்காட்செவன் பக்கம் குடிபோய், லாட்டரிச் சீட்டுக்கு எரிகல் தூள் விற்கிறாராம். அங்கேயும் வரிசை நீளமாம். மூளையில்லாத போனே மூன்றாவதாக வந்தது; மூளையுள்ளவர்கள் அந்த மூளையைக் கொஞ்சம் எடுத்து ஆடிப் பார்த்தால் என்ன?