வெறும் வயிற்றுக் கூட்டத்துக்கு ஒரு தட்டுக் கற்கண்டு

சாருகா, கவின், அந்தப் போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். உங்கள் அப்பாவாகிய நான் இந்த நாட்டின் நீரிழிவு ஆராய்ச்சியை ஒரு காலைப்பொழுது முழுவதும் மறித்து வைத்த மனிதன். உங்கள் அம்மா அந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அதில் ஓர் அம்புலன்ஸ் கூடிக்கொண்டே போகிறது. அன்று அம்புலன்ஸ் ஒன்றுகூட வரவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கொக்குவிலில் நான் பொறுப்பாக இருப்பது ஒரு கலியாண மண்டபத்துக்கு. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு என்னை விட்டுப் போய்விட்டது (நான் துரத்தவில்லை, அதுவாகத்தான் போனது). ஆனால் வாசலில் நின்று ஆட்களை வரவேற்பதில் என்னை வெல்ல வடமாகாணத்தில் ஆள் இல்லை என்ற மிதப்பு எனக்கு நிறைய இருந்தது.

உங்கள் பெரியம்மாவின் மகள் நிரோஜா அக்கா, டொக்டராகி, நீரிழிவைப் பற்றி ஆய்வு செய்யத் தொடங்கியிருந்த நேரம். அவளைப்போல ஆராய்ச்சிக்குப் புதியவர்கள் கூடித் தங்கள் ஆய்வுகளை எடுத்துச் சொல்லும் ஒருநாள் கூட்டத்துக்கு எங்கள் மண்டபத்தை எடுத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். யாருடைய ஆய்வு அவருக்குத் திறமாகப் படுகிறதோ, அந்தப் பிள்ளைக்கு வெளிநாட்டில் பயிற்சிக்கு ஓர் இடம். நிரோஜா அந்த ஓர் இடத்தைத்தான் நினைத்துக்கொண்டு நித்திரை இல்லாமல் திரிந்தாள்.

அவளுடைய ஆய்வு இதுதான்: கிராமத்துப் பெண்களை ஒழுங்காகப் பழக்கிவிட்டால், அவர்களே விரல் நுனியில் குத்தி, சின்ன மெசினில் பிழையில்லாமல் இரத்தத்தில் சீனி பார்த்துவிடுவார்கள். அதைச் சபையிலேயே காட்டுவதற்கு, தெல்லிப்பழைப் பக்கத்தில் அவள் பழக்கிய மூன்று பெண்கள், கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் காலையில் வெறும் வயிற்றில் சீனி பார்ப்பதாக ஏற்பாடு.

முதல் நாள் என்னிடம் தலைபாடாய் அடித்துச் சொன்னாள்.

“சித்தப்பா, இது கலியாணம் இல்லை. எல்லாரும் வெறும் வயித்தோடை வருவினம். தேத்தண்ணிகூடக் குடுக்காதேங்கோ. விளங்குதோ?”

“ஓம் பிள்ளை. ஏன் கத்துறாய்? சாப்பாடு எண்டு ஒண்டும் வாசலுக்கே வராது.”

வரவும் இல்லை. விடிய எழும்பி, மேசைக்கு வெள்ளை விரித்து, பன்னீர்ச் செம்பு, சந்தனம், குங்குமம், ஒரு தட்டு நிறையக் கற்கண்டு எல்லாம் வைத்தேன். கற்கண்டு சாப்பாடா? அது மரியாதை. இத்தனை படித்தவர்களை வெறுங்கையோடு உள்ளே விட நான் என்ன காட்டுமிராண்டியா?

வந்தவர்கள் தயங்கினார்கள்தான். ஒரு பொடியன், “ஐயா, நாங்கள் ஒண்டும் சாப்பிடக் கூடாது” என்றான். “சாப்பிடாட்டில் கையிலை எண்டாலும் எடுங்கோ தம்பி, எடுக்காமல் போறது சரியில்லை” என்று நான் பன்னீர் தெளித்த ஈரக் கையிலேயே வைத்து அமத்திவிட்டேன். அவன் மரியாதையான பிள்ளை, கைக்குள் பொத்தியபடி போனான். பேராசிரியரின் சொந்த ஊர் இங்கே கரவெட்டிதான், வாசல் மரியாதை தெரிந்தவர். அவர் என்னைச் சிரமப்படுத்தவில்லை, இரண்டாக எடுத்தார்.

நிரோஜா உள்ளே மெசின்களோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் தன் எதிர்காலம் பாகாகக் காய்ச்சப்படுவது அவளுக்குத் தெரியாது.

சோதனை தொடங்கியது. முதல் ஆள் அந்தப் பொடியன்தான். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, குத்தி, துளியை எடுத்தார்கள். முந்நூற்றுச் சொச்சம். அடுத்தவருக்கு அதைவிட மேலே. மூன்றாவதாக வந்த பெண்பிள்ளைக்கு, அளவு மீறிவிட்டதென்று மெசின் இலக்கம் காட்டவே மறுத்துவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு மூலைக்குப் போய்த் தாயாருக்குப் போன் எடுத்து அழத் தொடங்கியது. நீரிழிவை ஒழிக்க வந்த இளைய தலைமுறை முழுவதற்கும் நீரிழிவு!

பேராசிரியர் தன்னுடைய இலக்கத்தைக் கண்ணாடியோடும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார்.

“முந்தாநாளும் பாத்தனான், எனக்கு ஒண்டும் இல்லை. டொக்டர் நிரோஜா, உங்கடை ஆக்களுக்கு இது சரியாத்தான் பழக்கினீங்களோ?”

நிரோஜாவின் முகத்தில் இரத்தம் இல்லை. பழக்கிய பெண்களில் மூத்தவரான செல்வமலர் அக்கா, “நாங்கள் டொக்டர் சொல்லித் தந்தபடிதான் ஐயா செய்தனாங்கள்” என்று மெசினைத் தூக்கிக் காட்டினார்.

இந்த இடத்தில்தான் உங்கள் அப்பா, யாரும் கூப்பிடாமலே, மண்டபத்தின் மானத்தைக் காப்பாற்ற முன்னுக்கு வந்தார். பேராசிரியருக்கு வியர்த்திருந்தது. நான் தட்டோடு ஓடினேன்.

“ஐயா, இன்னும் ஒரு கற்கண்டு வாயிலை போடுங்கோ. மயக்கம் வராது.”

சபை முழுவதும் என் தட்டைத் திரும்பிப் பார்த்தது.

“சித்தப்பா,” என்றாள் நிரோஜா மெதுவாக, “உதென்ன தட்டு?”

“கற்கண்டு, பிள்ளை.”

“எத்தினை பேருக்குக் குடுத்தனீங்கள்?”

“ஒருத்தரையும் விடேல்லை!” (அதையும் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.)

பிறகென்ன, நாட்டின் இளம் விஞ்ஞானிகள் எல்லோரும் பந்தி முடித்தவர்கள்போல எங்கள் குழாயடியில் வரிசையாக நின்று, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தால் கை கழுவினார்கள். விரலில் ஒட்டிய கற்கண்டு இரத்தத்துளியோடு கலந்ததுதான் வினை; ஸ்பிரிட்டால் துடைத்தாலும் சீனிப் பிசுக்கு முழுதாகப் போகாதாம். திரும்பவும் குத்தினார்கள். வாயில் போடாமல் கையில் பொத்தி வைத்தவர்களுக்கு எல்லாம் சரியாக வந்தது. பெண்கள் செய்தது பிழையே இல்லை. ஆனால் நேரம் போய்விட்டது. நிரோஜா பேசவேண்டிய பேச்சைக் கால்வாசியாகச் சுருக்கச் சொன்னார்கள். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, “கேள்வி ஏதும் இருக்கோ?” என்று கேட்டபோது, பின்கட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் மணக்க, சபை எழும்பி நடந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வெளிநாட்டு இடம் பின்னேரம் பேசிய வேறொரு பிள்ளைக்குப் போனது.

நிரோஜா என்னை ஏசியிருக்கலாம். “நீங்கள் சாப்பிட்டனீங்களோ சித்தப்பா?” என்று மட்டும் கேட்டாள். ஏசியிருந்தால் அன்றே செரித்திருக்கும்.

இப்போது அவள் ஊர் ஊராகப் பெண்களைப் பழக்கும்போது, ஊசியைத் தொட முதல் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைக்கிறாள். அதற்கு அவள் வைத்த பெயர் ‘சித்தப்பா கழுவல்’. தெல்லிப்பழையில் என்னை ஒருநாளும் கண்டிராத பெண்கள், “சித்தப்பா கழுவல் முடிஞ்சுதோ?” என்று ஒருவரை ஒருவர் கேட்கிறார்களாம். நம் வீட்டிலோ, ஒரு கலியாணத்தில் நான் தட்டுப் பக்கம் திரும்பினாலே போதும், நீங்கள் இரண்டு பேரும் விரலை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறீர்கள். சிரியுங்கள். உழைத்துச் சம்பாதித்த பெயர்.

ஒன்று மட்டும் உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகு, கதிரைகளை அடுக்க மண்டபத்துக்குள் போனேன். நிரோஜா தன் ஆய்வை எழுதி ஒட்டியிருந்த போஸ்டர் சுவரில் அப்படியே இருந்தது, அவள் எடுத்துப் போகவில்லை. ஒரு கதிரையை அதற்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் மேலிருந்து கீழ் வரைக்கும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அரைவாசி விளங்கவில்லை. என் வயது ஆண்கள்தான் சீனி பார்க்க வராமல் ஒளிந்துகொள்கிறார்கள் என்ற இடம் நன்றாக விளங்கியது.

கேள்வி கேட்கிறவர்கள் முதலில் தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லவேண்டும் என்பது அந்தக் கூட்டத்து ஒழுங்கு. எழுந்து நின்று, போஸ்டரைப் பார்த்துக் கையை உயர்த்தி, பெயரைச் சொன்னேன், கொக்குவில் என்றும் சொன்னேன்.

“உது குத்தேக்கை நோகுமோ, பிள்ளை?”