ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம்

எங்கள் ஆபீஸ் டிராப்ட்ஸ்மேன் அபிப்பிராயம் சொல்லாத பொருள் இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை. அப்படி ஏதாவது மிச்சம் இருந்தால், அது அவர் கண்ணில் படாமல் ஒளிந்து தப்பித்த பொருளாகத்தான் இருக்கும். படம் வரைவது அவருக்குச் சம்பளத்துக்கான வேலை. அபிப்பிராயம் சொல்வது பிறவி வேலை. புதுக்கோட்டையில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "அபிப்பிராயம் சார் வாராரு" என்றால் மார்க்கெட்டில் கத்திரிக்காயைச் சாக்குப் போட்டு மூடுவார்கள்.

சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த மறு வருஷம் அவர் மெட்ராஸிலிருந்து வந்தார். பழைய சர்வே படங்களைப் புது சர்க்கார் முறைப்படி திரும்ப வரைய வேண்டுமென்று அனுப்பியிருந்தார்கள். இருபத்தாறு வயது. கஞ்சி போட்ட சட்டை, பையில் மூன்று பென்சில். நான் அதே ஆபீஸில் தபால் பதிகிற குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி.யோடு என் படிப்பு நின்றுவிட்டது. அவரைவிட இரண்டு வயது இளையவன். இருவரும் ஒரே அறையில் தங்கி ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டோம்.

என்னிடம் அபிப்பிராயம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. மெஸ்ஸில் சேர்ந்த அன்று காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார்கள். "ஒங்க இஷ்டம்" என்றேன். மூன்று வருஷம் சர்க்கரை இல்லாமல் குடித்தேன்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "எழுதிக் கையெழுத்துப் போட்டா அது அபிப்பிராயம். வாயால சொன்னா புறணி." அதனால் எதையும் துண்டுக் காகிதத்தில் எழுதுவார். ஆபீஸ் படத்துக்குப் போடுவதுபோல் வலது கீழ் மூலையில் கட்டம் கட்டிக் கையெழுத்தும் தேதியும் போட்டு, உரியவர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

மெஸ் இட்லி நடுவில் குழிந்திருக்கிறது என்று எழுதினார். மெஸ்காரருக்குப் புரியவில்லை. உடனே இட்லியைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி அளவு போட்டு ஒரு படம் வரைந்து கொடுத்தார். மெஸ்காரர் அதைப் பாராட்டு என்று நினைத்துக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். ஏதோ கோயில் விமானம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். இட்லி மட்டும் கடைசி வரை குழிந்தே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடுமியான்மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாறையில் வெட்டியிருக்கும் சங்கீதக் கல்வெட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார். சங்கீதத்தைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"வரி கோணாம போயிருக்கு. இடைவெளி அளந்து வெட்டியிருக்கான். இந்த ஆள் இருந்தா நம்ம ஆபீஸ்ல எடுத்துக்கலாம்" என்றார்.

எங்கள் மேலதிகாரி ஒரு புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். இடது தோள் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதம் அவர் மேஜைக்குப் போனது. மறு வாரமே அபிப்பிராயம் சாரை நல்ல கோடையில் மணமேல்குடிக்கு அளவு எடுக்க அனுப்பிவிட்டார்கள். கருத்துப்போய்த் திரும்பி வந்தார்.

"எப்படி சார் இருந்துச்சு?"

"கடல் சரியில்லைய்யா. அலையே இல்ல. ஏரி மாதிரி சும்மா படுத்துக் கிடக்கு. யார்கிட்ட எழுதிக் குடுக்கறதுன்னுதான் தெரியல."

இந்த மனிதரை நான் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன் என்றால் என் புத்தியை நீங்களே அளந்துகொள்ளலாம்.

அதற்கு முன் மூன்று வீடு பார்த்தாகிவிட்டது. மூன்றிலும் ஒரே கதை. சொஜ்ஜி, காபி, பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போகும். மாமா என் பக்கம் திரும்பி, "என்னப்பா?" என்பார். நான் தரையைப் பார்ப்பேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்று எழுந்துவிடுவார். அந்தக் கடுதாசியை யாரும் போடுவதில்லை என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வீட்டுப் பெண்ணை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அதைச் சொல்லத் தைரியம் சேர்த்து முடிப்பதற்குள் அவளுக்குக் காரைக்குடியில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. எங்கள் மேலதிகாரிக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைத் தபால் பதிவேட்டில் நானேதான் பதிந்தேன்.

நாலாவது வீடு பொன்னமராவதியில். "இதையும் விட்டேன்னா இனிமே நான் பாக்கப் போறதில்ல. நீயே பாத்துக்க" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அம்மா, மாமா, நான். மூன்று பேராகப் போகக் கூடாதே என்று நாலாவது ஆள் தேடினார்கள். அறையில் சும்மா இருந்தவர் அவர்தான்.

"நீங்க ஒண்ணும் பேசக் கூடாது சார்" என்று பஸ்ஸிலேயே மாமா கண்டிப்பாகச் சொன்னார்.

"நான் எங்க பேசுறேன்" என்றார் அவர். அது உண்மை. அவர் எழுதுகிறவர்.

பெண்ணின் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். "வாங்க, வாங்க, இங்கிட்டு உட்காருங்க" என்று பாய் விரித்தார். சொஜ்ஜி வந்தது. பெண் வந்தது. நான் பார்த்தது சிவப்புச் சேலைக் கரையும் மெட்டியில்லாத இரண்டு கால்களும்தான். பெண் உள்ளே போய்விட்டது.

"என்னப்பா?" என்றார் மாமா.

நான் தரையைப் பார்த்தேன். பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் என்னவோ உந்தியது. அதற்குள் மாமா தொண்டையைச் செருமினார்.

"அப்ப, ஊருக்குப் போய்க் கடுதாசி..."

"எதுக்கு ஊருக்குப் போகணும்?" என்றார் அபிப்பிராயம் சார். "இங்கேயே காகிதம் இருக்கே."

பையிலிருந்து எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினார். கட்டம் கட்டினார். கையெழுத்துப் போட்டார். பெண்ணின் அப்பாவிடம் நீட்டினார். அவர் அதை உரக்கவே படித்துவிட்டார்.

"சொஜ்ஜியில் நெய் அதிகம். கூடத்து ஜன்னல் தெற்கே இருந்தால் காற்று வரும். மாப்பிள்ளை இதுவரை தரையை மட்டுமே பார்த்திருக்கிறார். தரை நல்ல தரை. முன்பு மூன்று வீட்டிலும் இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தாராம். ஆள் நல்லவர். பேச வராது. கடுதாசி போடுகிறோம் என்று இவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம்."

அப்பாவின் முகம் இருண்டது. "இவுகள யாருங்க கூட்டியாந்தது?" என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மாமா செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். தரை பிளந்தால் குதித்துவிடலாம் என்று நான் அதையே இன்னும் உற்றுப் பார்த்தேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. பிறகு, "அப்பா, அந்தக் காகிதத்தக் குடுங்க" என்று ஒரு குரல்.

காகிதம் உள்ளே போனது. சற்று நேரத்தில் திரும்பி வந்தது. பின்பக்கத்தில் எழுதியிருந்தது. இந்த முறை அபிப்பிராயம் சார் படித்தார்.

"தெற்கே ஜன்னல் வைத்தால் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைதான் தெரியும். நெய் அம்மா பயத்தில் ஊற்றியது. வந்தவர் தரையை விட்டு ஒரு தடவை நிமிரட்டும். பிறகு எதுவானாலும் இங்கேயே சொல்லிவிடட்டும்."

நிமிர்ந்தேன். கதவோரத்தில் நின்றிருந்தாள். கண்ணில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது.

 அபிப்பிராயம் சார் பென்சிலை என் கையில் திணித்தார். கீழே "சம்மதம்" என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, "எழுத்து சாஞ்சிருக்கு" என்றார்.

அடுத்த வருஷம் அவருக்கு மெட்ராஸுக்கே மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். இரண்டு வருஷமாக ஊரையே அபிப்பிராயத்தால் துளைத்தவர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"ஆமா, என்னைப் பத்தி உன் அபிப்பிராயம் என்னய்யா? நீ சொன்னதே இல்லையே."

நான் பஸ் சக்கரத்தைப் பார்த்தேன்.

"கடுதாசி போடுறேன் சார்" என்றேன்.

பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு தடவை அவரிடமிருந்து கார்டு வந்தது. மெட்ராஸ் டிராம் நிறுத்தப்பட்டது பற்றி ஒன்று, எங்கள் மகளுக்கு வைத்த பெயர் நீளம் என்று ஒன்று. பதில் எழுத உட்காருவேன். "நலம்" என்று எழுதியதும் கை நின்றுவிடும். பிறகு அவர் எங்கே மாறிப் போனாரோ, விலாசம் விட்டுப்போயிற்று.

"பத்திரிகைக்கு எழுதுங்க. எங்கிட்டு இருந்தாலும் அவுக கண்ணுல படும். தப்புக் கண்டுபிடிக்கவாவது படிப்பாக" என்கிறாள் என் மனைவி. சம்மதம் எழுதிய அந்தக் காகிதத்தை அவள் இன்னும் தன் பெட்டியில்தான் வைத்திருக்கிறாள்.

சார், ஊருக்கு வந்து இவ்வளவு வருஷம் கழித்துக் கடுதாசி போடுகிறேன். எழுத்து சாய்ந்துதான் இருக்கும். எனக்கு உங்களைப் பிடித்திருந்தது.