தும்புத்தடியின் தலை பறந்த கதை

ஒரு பெண்மணியைத் தும்புத்தடியால் அடித்தவன் நான். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, அதுவும் என் சாமானை வாங்க வந்தவரை. மறைத்து என்ன பயன்? எங்கள் ஊர் ஸ்கந்தபுரம் முழுக்கத் தெரியும்.

பனைநாரான பனந்தும்பில் வீடு கூட்டும் தும்புத்தடி செய்யும் கொட்டில் எங்களுடையது. நானும் மனைவி வசந்தியும், வேலைக்கு மூன்று பெண்கள். "என்ரை தடி சாகும்வரை உழைக்கும்" என்று மார்தட்டி ஊரெல்லாம் விற்றேன். (மடையன்!) சொன்னபடியே உழைத்துத் தொலைத்தது. ஒருவரும் இரண்டாவது தடிக்கு வரவில்லை. கொட்டிலைப் பூட்டுவதா என்று யோசித்தபோதுதான் கிளிநொச்சியில் பெரிய கடை வைத்திருக்கும் முதலாளியம்மா பார்க்க வந்தார். அவர் ஓடர் தந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை இருக்கும். இல்லாவிட்டால் அன்றே கடைசி நாள்.

கதிரையில் இருந்ததும் கேட்டார்: "தம்பி, இது எத்தினை வருசம் உழைக்கும்?"

"ஆயுசுக்கும் ஒண்டு போதும், அக்கா!"

"அப்ப அடுத்த வருசம் நீங்கள் ஆருக்கு விக்கப் போறியள்?"

பதில் இல்லாத இடத்தில் பலத்தைக் காட்டுவது என் பழக்கம். "உறுதியைப் பாருங்கோ!" என்று தடியைத் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினேன். காலையில் வசந்தி, "தலைக்கு ஆணி அடிச்சனீங்களோ?" என்று கேட்டபோது "ஓம், ஓம்" என்றவன் நான். அடிக்கவில்லை. தும்புத்தலை கழன்று பறந்து, முதலாளியம்மாவின் கொண்டையில் மோதி மடியில் விழுந்தது.

ஐயோ! தும்புத்தடியால் அடி வாங்குவதைவிட அவமானம் எங்கள் ஊரில் உண்டா? நான் வெறுந்தடியோடு பழனி ஆண்டவர் போல நின்றேன்.

அவர் தும்புத்தலையை எடுத்து, துளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கழண்டு வருமோ?"

நான் மன்னிப்புக் கேட்குமுன் வசந்தி முந்திக்கொண்டாள்: "ஓம் அக்கா, அதைக் காட்டத்தானே இவர் கழட்டி எறிஞ்சவர்! தடி அப்பிடியே இருக்கும். தும்பு தேஞ்சால் தலையை மட்டும் வாங்கி மாத்தலாம். மரமும் மிச்சம்."

முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "முதல்ல ஐம்பது தடி தாங்கோ. பிறகு மாசாமாசம் தலை. ஆனால் இனி இவரைக் காட்ட விடாதையுங்கோ!"

வென்றோம் ஐயா, வென்றோம்! இப்போது ஆணி கிடையாது. தலையைத் திருகிப் பூட்டலாம், கழற்றலாம். கொட்டிலில் ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள்.

போன கிழமை இரணைமடுவில், சம்பந்தி வீட்டார் கண்முன்னே சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தேன். சேற்றோடு எழும்புமுன் வசந்தியின் குரல் கேட்டது:

"பயப்பிடாதையுங்கோ. எவ்வளவு ஆழம் எண்டு காட்டத்தான் இவர் விழுந்தவர்."