கத்திரி வெயிலில் லூபஸ் தினம்

உலகத்திலேயே நோயாளிகளின் ஒவ்வொரு சொல்லையும் மதித்து நடக்கும் ஒரே ஆராய்ச்சி எங்கள் புதுச்சேரி ஆராய்ச்சிதான் என்று, கடற்கரைச் சாலையில் குடைக்கடியில் நின்றபடி எனக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொல்லியிருக்கலாம். கத்திரி வெயிலின் உச்சியில் எங்களைத் தவிர சாலையில் கேட்கத்தான் ஆளில்லை.

நான் சுலோசனா. நெல்லித்தோப்பில் ரவிக்கை தைக்கிறேன். எனக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய காவல்படை உடம்பையே அடிக்கும் நோய். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போய்வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெயில் பட்டால் கன்னம் சிவக்கும், மூட்டுகள் பூட்டிக்கொள்ளும். போன வருஷம் ரேஷன் கடை வரிசையில் ஒரு காலைப்பொழுது நின்றதற்கு ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்தேன். "இன்னொரு தடவ வெயில்ல நின்னீங்கன்னா கிட்னி தாங்காது" என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார்.

ஆனால் இப்போது நாங்கள் வெறும் நோயாளிகள் அல்ல, 'சமூகப் பங்கேற்பாளர்கள்'. இந்தப் பதவி உயர்வை வழங்கியவர் லூபஸ் ஆராய்ச்சித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அருள்முருகன். போன மாதம் எங்களை ஏசி அறையில் வட்டமாக உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்துக் கேட்டார்.

"லூபஸ் தினத்த எப்படிக் கொண்டாடலாம்? முடிவு உங்களோடது."

சேதராப்பட்டு கம்பெனியில் வேலை பார்த்து, நோய் வந்ததும் நின்றுவிட்ட கொளஞ்சிதான் முதலில் வாய் திறந்தாள். "எதுவா இருந்தாலும் பொழுது சாஞ்சி வெச்சிடுங்க சார். எங்களுக்கு வெயிலு ஆவாது."

"அருமை! இதுதான் சமூகத்தின் குரல்!" அவர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். கொளஞ்சி சொன்னதை மஞ்சள் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். இத்தனை வருஷத்தில் எங்களிடம் யாரும் எதையும் கேட்டதே இல்லை.

பேரணி காலை பதினொரு மணிக்கு என்று முடிவானது.

"சாயங்காலம் வெளிச்சம் பத்தாதுக்கா. போட்டோ தெளிவா விழாது" என்று அருள்முருகன் விளக்கினார். அறிவியல் பேசும்போது நாம் குறுக்கே பேசலாமா?

சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. அவருடைய நாற்காலி சாமியானா நிழலில் பத்திரமாக இருந்தது. நாங்கள் வெயிலில் ஒரு கையில் குடையும் மறுகையில் பேனருமாக நின்றோம். பேனரில் கொட்டை எழுத்தில்: 'வெயிலைத் தவிர்ப்போம்! லூபஸை வெல்வோம்!'

"யக்கா, அந்த நாக்காலியப் பாரேன், எம்மாம் சொகுசா இருக்குது" என்றாள் கொளஞ்சி. "அடுத்த பேரணிக்கு நானு நாக்காலியா வந்துடறேன்."

ஒருவழியாக விருந்தினர் வந்தார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். அருள்முருகன் ஓடிவந்தார்.

"எல்லாரும் குடைய மடக்குங்க! ஒரே நிமிஷம்!"

குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. கொளஞ்சி பாதி மடக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என் விரலும் தானாகக் குடையின் பொத்தானுக்குப் போயிருந்தது. வெயிலைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்டுவிட்டார்கள், கைதட்டிவிட்டார்கள், இனி எப்படி மறுப்பது என்று என் விரல்கூட நன்றி விசுவாசத்தோடு இருந்தது. கிட்னிக்கு அந்த விசுவாசம் இருக்குமா தெரியவில்லை.

விரலை எடுத்தேன். குடையைக் கொளஞ்சியின் தலைக்கும் சேர்த்துச் சாய்த்துப் பிடித்தேன்.

"சுலோசனாக்கா, நீங்கதான் நடுவுல நிக்கிறீங்க. கன்னத்துல அந்தச் செவப்பு நல்லாத் தெரியணும். அறிக்கைக்கு அட்டைப்படமே அதான்" என்றார் அருள்முருகன்.

"இப்ப செவப்பு இல்லியே சார்."

"செத்த நேரம் நில்லுங்க, வந்துடும்." சொன்னபிறகு அவரே கொஞ்சம் தடுமாறினார். குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். "புரிஞ்சுக்குங்கக்கா. குடை பிடிச்சிருந்தா நீங்க நோயாளி மாதிரியே தெரியல."

"அதுக்குத்தான் சார் பிடிச்சிருக்கேன்" என்றேன்.