கொஞ்சம் இப்படிக் குடு

உலகத்தில் 'கொஞ்சம் இப்படிக் குடு' என்றொரு இனம் இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். பூட்டுக்குள் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருங்கள், தானாக வந்து பின்னால் நிற்கும். ஜாடி மூடியைத் திருகுங்கள், கைப்பேசியில் எதையாவது தேடுங்கள், பொட்டலத்தின் முடிச்சை அவிழ்க்கப் பாருங்கள். முதலில் ஒரு செருமல் கேட்கும். அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம் உங்கள் தோளுக்கு மேலாக ஒரு கை நீளும். இரண்டு நிமிடம் விட்டால் நீங்களே திறந்துவிடுவீர்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் அவர் உயிரோடு இருக்க வேண்டாமா?

இந்த இனம் வீட்டில் உண்டு, அலுவலகத்தில் உண்டு, தெருமுனையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்டிப்பாக உண்டு. இவற்றிலெல்லாம் முற்றிப்போன வகை ஒன்று, கலைக் கல்லூரியின் உலோகப் பிரிவில் வசிக்கிறது. நவீன நகைக் கலைஞர், கூடவே ஆசிரியர். மற்ற வகைக்குக் கை மட்டும்தான் நீளும். இவர் கையில் நெருப்பும் இருக்கும்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். மாணவர்கள் அவரை 'சார்' என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சார் நகைக் கடைக்காரர் இல்லை. இதை நான் முந்திக்கொண்டு சொல்லாவிட்டால் அவர் சொல்லிவிடுவார். கடை நகை கழுத்தில் சும்மா கிடக்கும், சாரின் நகை கேள்வி கேட்கும். வாலிபத்தில் அவர் செய்த கழுத்தணியைப் போட்டுக்கொண்டவர் தலையைத் திருப்ப முடியாது. மோதிரம் ஒன்றை மாட்ட மூன்று பேர் வேண்டும், கழற்ற இன்னும் ஒருவர் வேண்டும். அவருடைய ஊசிப் பதக்கம் குத்திய சட்டை அதற்கப்புறம் சட்டையாக இருக்காது. 'உடம்புக்கும் உலோகத்துக்கும் இடையே நடக்கும் வழக்கு' என்று அதற்கு ஒரு விளக்கம் எழுதிப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். வழக்கில் உடம்பு தோற்றிருந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

இதெல்லாம் வேலையில் சேர்வதற்கு முந்திய கதை. சேர்ந்த பிறகு என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். ஆசிரியர் அறையில் அவர் கலைஞர், அதனால் அங்கே அவரைக் கேள்வி கேட்கக் கூடாது. கலைஞர்கள் கூடும் இடத்தில் அவர் ஆசிரியர், அதனால் அங்கேயும் கூடாது. மீறிக் கேட்டுவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்வார்: "பசங்க நேரத்தையெல்லாம் தின்னுடுறாங்க."

யார் யாருடைய நேரத்தைத் தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் வகுப்புக்குள் வர வேண்டும்.

வருஷத்தின் முதல் நாள் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பேச்சுப் பேசுவார். நான் யாருடைய வேலையிலும் கை வைக்க மாட்டேன், உங்கள் தப்பை நீங்களே செய்ய வேண்டும், தப்புத்தான் ஆசிரியர், நான் வெறும் துணை. நல்ல பேச்சு. மாணவர்கள் உருகிப்போவார்கள். அதே நாள் தேநீர் வேளைக்குள் ஒருத்தன் வெள்ளித் தகட்டில் ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்துவிடுவான். சார் பின்னால் வந்து நிற்பார். மூச்சு நின்றுபோகும். கட்டியிருந்த கைகளில் விரல்கள் தாமாக அசையும். "தப்புன்னு சொல்லல..." என்பார். அந்த வார்த்தை வந்துவிட்டால் பையன் எழுந்துகொள்வது நல்லது. "கொஞ்சம் இப்படிக் குடு."

அவ்வளவுதான். முக்காலி அவருடையது, ரம்பம் அவருடையது, பையன் பக்கத்தில் நின்று சன்னல் வழியாக வெளியே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். தகட்டை அறுத்து, ஓரத்தை அரத்தால் ராவி, வளைத்து, வெங்காரம் பூசி, பற்றவைக்கும் பொடியை வைத்து நெருப்பால் ஊதி ஒட்டி, அமிலத்தில் போட்டு எடுத்துத் தேய்த்துப் பளபளவென்று அவன் உள்ளங்கையில் வைப்பார். "பாத்தியா, எவ்வளவு சுலபம். இப்ப நீ பண்ணு."

பண்ண என்ன மிச்சம் இருக்கிறது? பெயர் எழுதி ஒட்டுவதுதான்.

மாணவர்கள் முட்டாள்கள் இல்லை. சாரை எப்படி வரவழைப்பது என்பதை முதல் மாதத்திலேயே படித்துக்கொள்வார்கள். இந்தக் கலையில் தேர்ச்சி பெற்றவள் கடைசிப் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண். எந்நேரமும் கொட்டாவி விடுவாள், அதனால் அவளுக்குக் கொட்டாவி என்றே பெயர். அவள் சாமணத்தை, அந்தச் சின்ன இடுக்கியை, வேண்டுமென்றே தலைகீழாகப் பிடிப்பாள். பிடித்துவிட்டு லேசாக "ப்ச்" என்பாள். சார் அறையின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த "ப்ச்" அவர் காதில் விழும். கொட்டாவி அப்புறம் நின்றுகொண்டே தூங்குவாள்.

வீட்டில் சாருக்கு ஒரு பட்டறை மேசை உண்டு. நல்ல வெளிச்சம், நல்ல கருவிகள், யாரும் தொந்தரவு செய்வதில்லை. அதனாலேயே அங்கே எதுவும் நடப்பதில்லை. அந்த மேசையின் இழுப்பறையில் கிடப்பதெல்லாம் வகுப்பில் செய்துகாட்டிவிட்டு எடுத்துவந்த மாதிரிகள். ஒட்டு தெரிய வேண்டும் என்று பாதியாக அறுத்த மோதிரம், வித்தியாசம் தெரிய வேண்டும் என்று ஒரு பக்கம் மட்டும் மெருகேற்றிய பதக்கம், மணியடித்துவிட்டதால் நின்றுபோன சங்கிலி. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவிக்குச் செய்துகொடுத்த கம்மல்கள் எல்லாமே இடது காதுக்கானவை. வலது காதுக்கானதை மாணவர்கள் செய்ய வேண்டும் என்பது பாடத்திட்டம்.

அந்த அம்மாள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறார். கணவரை வண்டியில் ஏற்றிக்கொள்வதில்லை. ஒருமுறை ஏற்றி, நாற்சந்தியில் ஸ்டீரிங்கை இரண்டு பேரும் பிடித்திருந்த கதை அவர்கள் குடும்பத்தில் பேசப்படாத கதை.

இப்படியே போயிருந்தால் சார் சௌக்கியமாக ஓய்வு பெற்றிருப்பார். கெட்ட நேரம், ஒரு நல்ல செய்தி வந்தது.

ஊரில் பெயர் பெற்ற கண்காட்சிக் கூடம் ஒன்றை ஓர் அம்மாள் நடத்துகிறார். அங்கே ஒருவருடைய வேலைகளை மட்டும் வைத்துத் தனிக் கண்காட்சி நடந்தால் அவர் கலைஞர், நடக்காவிட்டால் அவர் கலைஞர் என்று சொல்லிக்கொள்கிறவர். சார் வாலிபத்திலிருந்து அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர். கூடத்துக்காரம்மா கல்லூரி முதல்வரிடம் சொல்லியனுப்பியிருந்தார்: அடுத்த பருவத்தில் உலோகக் கலைக்கு ஓர் இடம் இருக்கிறது, ஆண்டு விழாக் கண்காட்சிக்கு வருகிறேன், ஆசிரியர் வேலையும் பார்க்கிறேன், மாணவர் வேலையும் பார்க்கிறேன், ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவர் என்றால் யார்? சாரைக் கேட்டால் அதில் சந்தேகமே இல்லை. ஒன்றே ஒன்றுதான் குறை. மேசையில் வைக்க முழுசாக ஒரு பொருள்கூட இல்லை.

விடுப்புப் போட்டுவிட்டு வீட்டு மேசையில் உட்கார்ந்தார். தகட்டை எடுத்தார், வைத்தார். நெருப்பைப் பற்றவைத்தார், அணைத்தார். கை ஓடவில்லை. எதிரில் யாராவது தப்பாகச் செய்துகொண்டிருந்தால் மின்சாரம் போல் ஓடும் கை, தனக்கென்று செய்ய உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரன் கை போல மடியில் கிடந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாளைப் பெஞ்சில் உட்காரவைத்துக் கையில் நெருப்புக் குழாயைக் கொடுத்து, தப்பாகப் பிடிக்கச் சொன்னார்.

"எப்படித் தப்பா?"

"உனக்குத் தோணுற மாதிரி."

அம்மாள் பிடித்தார். பார்த்தால் சரியாகத்தான் பிடித்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் தப்பா."

"ஏங்க, நான் நாள் பூரா தப்பாப் பிடிக்கிறவங்களையே பாத்துட்டு வரேன். வீட்லயும் நானே பிடிக்கணுமா?" என்று குழாயை அணைத்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளே விடுப்பை ரத்து செய்துவிட்டுச் சார் வகுப்புக்கு வந்தார். கடைசிப் பெஞ்சில் கொட்டாவி ஒரு வெள்ளிக் கழுத்துப் பட்டையைத் தொடங்கியிருந்தாள். துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே ஒரு கீல், விசிறி போல மடங்கி விரிய வேண்டும். யோசனை அவளுடையதுதான். யோசிப்பதைப் படுத்துக்கொண்டே செய்யலாம் அல்லவா? கீல்தான் வில்லங்கம். மெல்லிய வெள்ளிக் குழாய்களை வரிசையாக வைத்து ஊத வேண்டும். பொடி உருகி ஒரு சொட்டு இடுக்கில் ஓடிவிட்டால் கீல் கட்டிப்போய்விடும், அப்புறம் அது வெறும் தகடு. கொட்டாவி பொடியை அள்ளி இடுக்கிலேயே வைத்தாள். "ப்ச்."

கொஞ்சம் இப்படிக் குடு என்றவர், விழாவுக்கு முந்தின நாள்வரை எழுந்திருக்கவில்லை. பொடி ஓடாமல் இருக்க, தாளில் தப்பெழுத்தை அழிக்கும் வெள்ளை மையை ஊசி முனையால் இடுக்குகளில் தடவினார். நெருப்பை நாக்கு நுனியளவுக்குக் குறைத்தார். ஒவ்வொரு கீலும் ஊதி முடித்ததும் இமை போலத் திறந்தது, இமை போல மூடியது. அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான். அதைச் செய்யும்போது அவர் சீட்டியடித்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கொட்டாவி பார்க்கவில்லை, அவள் சுவரில் சாய்ந்திருந்தாள்.

பிறகு முறைப்படி மதிப்பெண் போட வேண்டுமே? அதையும் சார்தான் போட்டார். 'கீல்களில் இன்னும் முதிர்ச்சி தேவை' என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்தார். நேர்மையான மனிதர்.

விழா நாள் வந்தது. சார் தன் மேசையில் இழுப்பறையைக் கவிழ்த்து, அறுத்த மோதிரத்தையும் பாதிப் பதக்கத்தையும் நின்றுபோன சங்கிலியையும் பரப்பி, 'முடிவின்மை' என்று எழுதி வைத்திருந்தார். கூடத்துக்காரம்மா அதைப் பார்த்து, யார் வீட்டுக் குழந்தையையோ பார்த்துத் தலையாட்டுவது போல ஆட்டிவிட்டு நகர்ந்தார். கொட்டாவியின் பட்டைக்கு முன்னால் வந்ததும் நின்றார். எடுத்தார், மடித்தார், விரித்தார், காதருகே வைத்து அதன் சத்தத்தைக் கேட்டார்.

"இந்தக் கீலெல்லாம் யார் போட்டது?"

முதல்வர் பக்கத்தில் நின்றார். 'நான்தான்' என்று சார் சொன்னால் மாணவியின் மதிப்பெண் போகும், அதைப் போட்டவரின் வேலையும் தள்ளாடும். சார் கூரையில் ஓடும் காற்றாடியைப் பார்த்தார்.

"சார்கிட்டக் கத்துக்கிட்டது மேடம்," என்றாள் கொட்டாவி. "பக்கத்துல நின்னுதான்." பொய்யில்லை.

கூடத்துக்காரம்மா கடைசித் துண்டை ஆட்டிப் பார்த்தார். அது மட்டும் கொஞ்சம் இறுக்கம். "இதை லூஸ் பண்ணிக் காட்டும்மா. உன் கை ஓடுறதப் பாக்கணும். அப்புறம் மத்ததப் பேசலாம்."

கருவிகள் வந்தன. ஆட்கள் சுற்றி நின்றார்கள். கொட்டாவிக்கு அன்றைக்கு முதல்முறையாகத் தூக்கம் போயிருந்தது. குறடு ஒன்றைக் கையில் எடுத்தாள். கீல் குழாய்க்குள் கோத்திருக்கும் ஊசியை உருவ வேண்டிய இடத்தில் குழாயையே கவ்வினாள். அழுத்தினால் குழாய் நசுங்கும், அந்தத் துண்டு இனி மடங்காது, அவள் கதை அங்கேயே முடியும். அப்புறம் எடுத்துக்கொள்ள மிச்சம் இருப்பது சார் ஒருவர்தான். அவர் எதுவும் செய்ய வேண்டாம். கால்சட்டைப் பையில் கை இருக்கிறது, அது அங்கேயே இருந்தால் போதும். இத்தனை வருஷம் பார்த்திருந்த வாசல் திறந்துவிடும்.

சார் செருமினார். சாருக்கே அது கேட்டது. பல்லைக் கடித்தார். பைக்குள் விரல்களை மடக்கிப் பிடித்தார். குறடு இறுகத் தொடங்கியது.

"தப்புன்னு சொல்லல..." என்றது அவர் வாய்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். முக்காலி, மூக்குக் கண்ணாடி, ஊசி உருவல், குழாயின் வாயில் அரத்தால் ஒரு மயிரிழை, மறுபடி ஊசி. கடைசித் துண்டு இமை போல மூடியது. முகமெல்லாம் மலர்ந்து அதைக் கொட்டாவியிடம் நீட்டிய பிறகுதான் தான் யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

கூடத்துக்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்கள் வருஷக்கணக்காக எத்தனையோ கைகளைப் பார்த்தவை. எல்லாம் புரிந்துவிட்டது என்று சாருக்குத் தோன்றியது. பயமும் வந்தது, அதைவிட அதிகமாக ஆசையும் வந்தது.

"சார், வாத்தியார்னா இப்படி இருக்கணும். பொண்ணு தடுமாறினதும் ஓடி வந்தீங்க பாருங்க. நீங்க இந்த வகுப்பை விட்டு எங்கயும் போயிடக் கூடாது," என்றார் அந்த அம்மாள். முதல்வர் ஆமோதித்தார். கண்காட்சி கொட்டாவிக்குக் கிடைத்தது.

கூட்டம் கலைந்ததும் அவள் மெதுவாக வந்து நின்றாள். இன்னும் பத்துப் பதினைந்து பொருள் வேண்டுமாம், அடுத்த பருவத்துக்குள். சாருக்கு வந்ததே கோபம். உன் கண்காட்சி, உன் பாடு, இனி உன் பெஞ்சுப் பக்கம் வந்தால் என்னை என்னவென்று கேள் என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தார். ஒரு வாரம் சொன்னபடி இருந்தார். எட்டாம் நாள் கடைசிப் பெஞ்சிலிருந்து "ப்ச்" என்று கேட்டது.

கண்காட்சி பெரிய வெற்றி. இளம் கையில் எவ்வளவு முதிர்ச்சி என்று எல்லோரும் வியந்தார்கள். வாசலில் ஒட்டியிருந்த விளக்கத்தில் ஆசிரியருக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அந்த எழுத்து கோணலாக இருக்கிறதென்று சார் அதைப் பிய்த்து நேராக ஒட்டினார்.

போகட்டும், உங்களை ஒன்று கேட்கிறேன். கொட்டாவி குழாயைக் கவ்வி நின்றாளே, அந்த இடத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது? இந்த மனிதன் சும்மா நிற்கக் கூடாதா என்று பதறியதா? உள்ளே நுழைந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பைக்குள்ளேயே அழுத்தி வைத்திருந்தால் அவருக்கு ஒரு வாழ்க்கை கிடைத்திருக்குமே, எனக்கல்லவா அது தெரியும், என்று உங்கள் கை இந்தத் தாளை நோக்கி ஒரு அங்குலம் நீண்டதா?

நீண்டிருந்தால் மடக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ பக்கத்தில் நின்றபடி சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.