துணிக்கடியில் போன தண்ணீர்

வாரணபுரி நாட்டில் அப்போது ஒருவருடைய நம்பிக்கைக்கு விலை கால் பணம். மாட்டுத் தரகுக்கு அதுதான் கூலி. தரகன் தோள்துண்டால் கைகளை மூடி, விரலைப் பிடித்தே விலையைப் பேசி முடிப்பான். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. ஏமாற்றினால் மறுசந்தையில் அவன் துண்டுக்குள் எவனும் கைவிட மாட்டான்.

மேலச்சந்தை ஊரில் தரகர் பெத்தணனின் துண்டுக்குத் தனி மரியாதை. அதனாலேயே ஊர்த்தலைவரும் ஆனார். பெரிய கால்வாயில் அந்த ஊருக்கு முறைத் தண்ணீர் உண்டு. அதன்மேல் பலருக்கும் கண். அதைக் காப்பாற்றத்தான் அவரை மாகாண சபைக்கு அனுப்பினார்கள்.

வண்டியேறும்போது அண்ணன் மனைவி இருளாயி வந்து நின்றாள். கடைமடையில் வெங்காயம் போடுபவள்.

"கொழுந்தனாரே, தண்ணியைக் கோட்டை விட்டுறாதீங்க."

"பல்லைப் பிடிச்சுப் பார்க்காம நான் எதை வாங்கியிருக்கேன் மதினி?"

"வாங்குறதுல நீங்க கெட்டிதான். நான் விக்கிறதைச் சொல்றேன்."

தலைநகரச் சபையில் ஓயாத இரைச்சல். பெத்தணன் எழுந்து துண்டை விரித்தார். "ஏன்யா தொண்டையைக் கிழிச்சுக்கிறீங்க? விரலால பேசுங்க." பரம்பரைப் பகைவர்கள் இருவர் துண்டுக்குள் கைவிட்டுச் சிரித்தபடி எழுந்தார்கள். அவருக்கு நீர்வளத்துறை அமைச்சர் பதவி கிடைத்தது. தலைமைச் செயலர் கனைத்துக்கொண்டு ஆணையை வாசித்தார்:

"இன்று முதல் மாகாணத்தின் முடிவுகள் யாவும் துணிக்கடியிலேயே எடுக்கப்படும். இதன் நோக்கம் வெளிப்படைத்தன்மை."

சபை முழுவதையும் மூட நாற்பது முழப் பட்டு நெய்தார்கள். மனுக்களும் இனி விரலால்தான் என்றது அடுத்த ஆணை. அரிசி வரவில்லை என்று போனவன் துணிக்குள் விரலை அழுத்தினான்; உள்ளிருந்த கை அன்போடு திருப்பி அழுத்தியது. என்ன சொன்னார்கள் என்று மனைவி கேட்டதற்கு, "கை மெத்துன்னு இருந்துச்சு" என்றான். துணியைத் தூக்கிப் பார்ப்பது நாட்டை மானபங்கம் செய்யும் குற்றம் என்றது மூன்றாவது சட்டம். அதில் பெத்தணனே கையெழுத்திட்டார்.

ஒருநாள் பட்டுக்கடியில் ஒரு கை அவர் விரலைப் பிடித்தது. மேலச்சந்தைத் தண்ணீரை ஒரே ஒரு போகத்துக்கு விட்டுக்கொடு, உன் நாற்காலிக்கு நான் பொறுப்பு என்றது. விரலுக்குள் அடங்காத பேச்சுதான். ஆனால் பட்டு அதற்குள் எல்லாம் பேசக் கற்றிருந்தது.

விற்ற மாட்டை மறுசந்தையில் திரும்ப வாங்காத தரகனா நான் என்று நினைத்தார் பெத்தணன். அழுத்தினார்.

போகம் முடிந்தது. பட்டுக்குள் கைவிட்டுத் தேடினார். தொட்ட கையெல்லாம் மெத்தென்று இருந்தது. எல்லாம் அன்போடு திருப்பி அழுத்தின. எதுவும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. சந்தையில் கைக்கு எதிரே ஒரு முகமும் நிற்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அந்தக் கை யாருதுய்யா?" என்று செயலரைக் கேட்டார்.

"அமைச்சர் பெருமான் துணியைத் தூக்கச் சொல்கிறீர்களா?" என்று செயலர் பணிவோடு கேட்டார். பெத்தணன் நாற்காலிக்குத் திரும்பினார். அது பத்திரமாகத்தான் இருந்தது.

கடைமடை முதலில் காய்ந்தது, பிறகு தலைமடை. ஊரார் மாடுகளை விற்றார்கள்; சந்தையே கலைந்ததும் தலைநகரச் செங்கல் சூளைகளுக்குப் போனார்கள்.

தேர்தல் வந்தது. அதுவும் துணிக்கடியில்தான், ஆதரிப்பவர் வேட்பாளரின் விரலை அழுத்தினால் போதும். மேலச்சந்தையில் ஒவ்வொரு கையின் காய்ப்பும் பெத்தணனுக்கு மனப்பாடம். காலையிலிருந்து வந்த கைகளில் காய்ப்பே இல்லை. எல்லாம் அழுத்திவிட்டுப் போயின.

சாயங்காலம் சொரசொரப்பாக ஒரு கை வந்தது.

"மதினி?"

"தண்ணியை யாருகிட்டக் குடுத்தீங்க?"

"தெரியலையே, மதினி."

"தெரியாதவனுக்கு ஒரு கன்னுக்குட்டியைக் குடுப்பீங்களா நீங்க?"

அந்தக் கை அழுத்தாமலே விலகிப் போனது.

இரவு தேர்தல் அதிகாரி கணக்கை வாசித்தார். வந்த கைகள் முந்நூற்று ஆறு. அழுத்தியவை முந்நூற்று ஐந்து. அழுத்தாத ஒன்று, மறுப்பு எதையும் எழுத்தில் தராததால், ஆதரவில் சேர்க்கப்பட்டது. ஊரில் குடியிருப்போர் பதினொரு பேர். கணக்கு சரி.