முந்நூறு பாட்

முரசுமோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய கிருபன் மாமாவுக்கு மருமகள் மேனுகா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். லண்டனிலிருந்து நீங்கள் அனுப்பிய நாற்பது வயதுக் கொம்பியூட்டரும் சுகம். உங்கள் சுகம் இதை வாசித்து முடித்த பிறகுதான் தெரியும், ஆனபடியால் கதிரையில் இருந்துகொண்டு வாசிக்கவும்.

அது ஓடினால் மட்டுமே பாடசாலைக் கண்காட்சியில் வைக்கலாம் என்று ரீச்சர் சொல்லிவிட்டா. ஓடுவதற்கான புரோகிராமோ நீங்கள் அதோடு சேர்த்து அனுப்பிய ஒரே கசெற்றில். ஊரில் கசெற் போடும் மெசின் ஒலிபெருக்கிக்கார நல்லதம்பியண்ணையிடம் மட்டும்தான் உண்டு என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் உங்கள் கையெழுத்தில் "300 பாட்". பாட் என்றால் தரவு ஓடும் வேகம், செக்கனுக்கு முப்பது எழுத்து, எங்கள் ரீச்சர் அதைவிட வேகமாக ஏசுவா என்று நான் விளங்கப்படுத்த முன்னமே அண்ணை, "கொம்மான் கிருபன் 'டு' போட மறந்திட்டார்" என்று சிரித்து, முந்நூறு பாட்டையும் அடுத்த வளவுத் தேனுகா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் நாலு குழாயிலும் விட்டுவிட்டார். கீச்சென்ற சத்தத்தில் ஆலாத்தித் தட்டு ஆடியது, மாடுகள் பரந்தன் றோட்டில் ஏறின, நான் மட்டும் துள்ளினேன், அந்தக் கீச்சுத்தானே புரோகிராம், கசெற் உயிரோடு இருக்கிறதே! கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவர்களின் ரிவியிலும் அண்ணையின் மெசினிலும் கொழுவி, முதலிலிருந்து விடச் சொல்லிக் கும்பிட்டேன். ஏழு நிமிடம் சனமெல்லாம் சாப்பாட்டை விட்டு ரிவியைப் பார்த்தது.

புரோகிராம் ஏறி முடிந்ததும் ரிவியில் ஆங்கிலத்தில் விழுந்தது இதுதான்: "ராஜினி, என்னைக் கலியாணம் செய்வீரோ? ஓம் என்றால் 1, இல்லை என்றால் 0."

மாமா, எங்கள் ரீச்சரின் பெயர் ராஜினி. எனக்குப் பின்னால்தான் வடையோடு நின்றா. முன்னுக்கு வந்து 0-வை அமத்தினா. "திரும்ப யோசியும்" என்றது கொம்பியூட்டர். ஐந்து தரம் அமத்தினா. ஐந்து தரமும் அதே பதில்.

"உம்மட மாமா அப்பவும் இப்பிடித்தான், இல்லையெண்டா விளங்காது. அதைத் திருத்திக்கொண்டு வாரும், கண்காட்சிக்கு எடுக்கிறன்" என்றா.

இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. 0-வை அமத்தினால் "சரி, விளங்கிவிட்டது" என்று சொல்லவைக்க எந்த வரியை மாற்ற வேண்டும் என்று உடனே எழுதவும். சகல நன்மைகளும் முந்நூறைவிடப் பன்மடங்கு வேகத்தில் உங்களை வந்தடையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இரகசியத்தை இருநூறு பேருடன் மட்டும் காக்கும்,
மேனுகா

பி.கு.: முதலில் கடிதத்தைப் பிரித்தது சுமித்திரா மாமி என்றால்: மாமி, மேலே உள்ளதெல்லாம் என் கற்பனை. ராஜினி என்று இந்த ஊரில் ஒருவரும் இல்லை. அவா உங்களைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.